வெட்டிய ரொன்சில் மீண்டும் வளருமா?

"ரொன்சிலை வெட்டினாலும் திரும்ப வளருமாம், டொக்டர். அப்ப ஏன் பிள்ளையைப் போட்டு வருத்துவான்?"

எமது பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. வைத்திய அறையில் மட்டுமல்ல, கலைவிழாக்களில் தேநீர் இடைவேளையிலும் கேட்பார்கள். கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்குப் பிழையான விடையை நம்புவதால் இரண்டு விதமான தீங்குகள் வருகின்றன. இரவில் மூச்சுத் திணறும் பிள்ளைக்குத் தேவையான சிகிச்சையைச் சில பெற்றோர் தள்ளிப்போடுகிறார்கள். வேறு சிலருக்கு வளர்ந்த பின்னர் தொண்டையின் ஒரு பக்கத்தில் ஏதோ தடிக்கிறது. "சின்ன வயசில வெட்டின ரொன்சில்தான் திரும்ப வளருது" என்று எண்ணி அவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். எனவே இம்முறை இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுமையாக அகற்றப்பட்ட ரொன்சில் மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் அதில் ஒரு பகுதி உள்ளே விடப்பட்டிருந்தால் அந்த மிச்சம் பெருக்கலாம். ஆகவே "வளருமா?" என்பதற்கு முன் நாம் கேட்க வேண்டியது, "என்ன சத்திரசிகிச்சை செய்தார்கள்?" என்பதே.

ரொன்சில் என்பது என்ன?

எமது பெரியவர்கள் சிலர் உண்ணாக்கையும் ரொன்சிலையும் ஒன்றென நினைப்பதுண்டு. வாயைத் திறந்தால் நடுவில் தொங்குவது உண்ணாக்கு. அதன் இரு பக்கங்களிலும் தொண்டைச் சுவரில் பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் இரண்டு சதைகளே ரொன்சில்கள். நோர்வேஜிய மொழியில் இவற்றை "மண்ட்லெர்" என்பார்கள். அந்தச் சொல்லுக்குப் பாதாம் என்றும் பொருள்.

இவை தனித்து நிற்பவை அல்ல. மூக்கின் பின்புறத்தில் அடினொயிட் என்னும் சதை இருக்கிறது. நாக்கின் அடியிலும் இதே வகைத் திசு இருக்கிறது. இவை எல்லாம் சேர்ந்து தொண்டையைச் சுற்றி ஒரு வளையம் போல அமைந்துள்ளன. ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் வால்டையர் 1884ஆம் ஆண்டு இதை விவரித்தார். இன்றும் அது வால்டையர் வளையம் என்றே அழைக்கப்படுகிறது. மூக்காலும் வாயாலும் வரும் கிருமிகளை அடையாளம் கண்டு, உடலின் எதிர்ப்புச் சக்தியைப் பழக்குவது இதன் வேலை. சிறு பிள்ளைகளில் இந்த வேலை அதிகம். அதனால் 3 முதல் 7 வயது வரையில் ரொன்சில்கள் பெரிதாகத் தெரிவது இயல்பு. பருவ வயதை அண்மிக்கும்போது அவை தாமாகவே சுருங்கத் தொடங்கும்.

"வளரும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

எமது பாட்டிமார் சொன்னது முற்றிலும் கற்பனை அல்ல. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ரொன்சிலை வெட்டுவதற்கு கில்லட்டின் என்ற கருவியைப் பரவலாகப் பயன்படுத்தினார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் தலைகளை வெட்டிய இயந்திரத்தின் பெயரையே இதற்கும் வைத்தார்கள். வெளியே துருத்திக்கொண்டிருக்கும் சதையை வளையத்துக்குள் மாட்டி, ஒரே அழுத்தில் வெட்டிவிடுவார்கள். வேலை விரைவாக முடியும். ஆனால் அடிப்பகுதி பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். அந்த மிச்சம் சிலருக்கு மறுபடியும் பெருத்தது, மறுபடியும் புண்ணானது. இதனாலேயே வைத்தியர்கள் ரொன்சிலை அதன் உறையோடு சேர்த்து முழுதாகப் பிரித்தெடுக்கும் முறைக்கு மாறினார்கள். அதன் பின்னர் "திரும்ப வளர்வது" அரிதாகிவிட்டது. ஆனால் பேச்சு மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது.

அந்தக் காலத்துச் சத்திரசிகிச்சை எப்படி இருந்தது என்பதற்கு ஒஸ்லோவிலேயே ஒரு சாட்சி உண்டு. எமது பிள்ளைகள் விரும்பி வாசிக்கும் "சார்ளியும் சொக்கலேற் தொழிற்சாலையும்" என்ற கதையை எழுதிய ரோல்ட் டாலின் பெற்றோர் நோர்வேஜியர்கள். கோடை விடுமுறைக்கு அவர் இங்குள்ள பாட்டன் பாட்டி வீட்டுக்கு வருவார். 1924ஆம் ஆண்டு, இந்நகரம் கிறிஸ்தியானியா என்ற பெயரோடு இருந்த கடைசி வருடத்தில், ஒரு வைத்தியர் அவருடைய அடினொயிட்டை மயக்க மருந்து எதுவும் இல்லாமல் வெட்டி எடுத்தார். பின்னர் அவர் தாயாருடன் நடந்தே வீடு திரும்பினார். 1984இல் வெளிவந்த தமது இளமைக்கால நினைவு நூலில் அவர் இதை எழுதியிருக்கிறார். அக்காலத்தில் இது சர்வசாதாரணம். இன்று இங்கே பிள்ளைகளுக்கு முழு மயக்கம் கொடுத்தே இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்கிறார்கள்.

வளர்வது எது?

"திரும்ப வளர்ந்துவிட்டது" என்று சொல்லி வருபவர்களில் நாம் பொதுவாகக் காண்பவை மூன்று.

முதலாவது, அடினொயிட். ரொன்சிலைப் போல இதற்கு உறை கிடையாது. ஆகவே முழுமையாகச் சுரண்டி எடுப்பது கடினம். மிகச் சிறிய வயதில் எடுக்கப்பட்ட பிள்ளைகளில் இது மீண்டும் பெருப்பதுண்டு. மூக்கடைப்பும் குறட்டையும் திரும்ப வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இரண்டாவது, ரொன்சிலின் மிச்சம். இது இன்று புதிய முக்கியத்துவம் பெற்றிருக்கிறது. கடந்த சில பத்தாண்டுகளில், குறிப்பாக சுவீடன் போன்ற அயல்நாடுகளில், ரொன்சிலின் பெருத்த பகுதியை மட்டும் எடுத்துவிட்டு உறையை ஒட்டிய பகுதியை வேண்டுமென்றே விட்டுவிடும் முறை மீண்டும் வந்துள்ளது. மூச்சுத் தடைப்படும் சிறு பிள்ளைகளுக்கே இதைப் பெரும்பாலும் செய்கிறார்கள். இதில் நோவு குறைவு, இரத்தம் கசிவது குறைவு, பிள்ளை விரைவில் சாப்பிடத் தொடங்கும். ஆனால் விட்ட பகுதி வளரலாம். சுவீடன் நாட்டுப் பிள்ளைகளை வைத்து 2016இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், பகுதியாக அகற்றப்பட்டவர்களுக்கு மறுபடியும் சத்திரசிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு முழுமையாக அகற்றப்பட்டவர்களை விட ஏறத்தாழ ஏழு மடங்கு என்று கண்டார்கள். ஏழு மடங்கு என்றவுடன் பயப்பட வேண்டாம். முழுமையாக அகற்றியவர்களில் அது மிக அரிது. எனவே ஏழு மடங்கு என்றாலும் நூறு பிள்ளைகளில் ஒரு சிலரே. மிகப் பெரும்பாலானோருக்கு ஒரு தடவையே போதும்.

மூன்றாவது, நாக்கின் அடியில் உள்ள திசு. ரொன்சில் இல்லாத இடத்தில் இந்தத் திசு சிலருக்குச் சற்றுப் பெருக்கும். கண்ணாடியில் பார்ப்பவர்கள் இதைப் புதிய ரொன்சில் என்று நினைத்துவிடுகிறார்கள்.

சத்திரசிகிச்சையின் பின் முதல் இரண்டு கிழமைகளில் தொண்டையில் வெள்ளையாகப் படிந்திருப்பதைக் கண்டு, "சீழ் பிடித்துவிட்டது" என்றோ "வளரத் தொடங்கிவிட்டது" என்றோ பதறி வரும் தாய்மாரும் உண்டு. அது இரண்டும் அல்ல. முழங்காற் காயத்தில் பொருக்கு வருவது போல, ஈரமான தொண்டையில் காயம் ஆறும்போது வரும் படலம் அது. தானாகவே விழுந்துவிடும்.

உங்கள் பிள்ளைக்குச் செய்தது எது?

வைத்தியசாலை அனுப்பும் கடிதத்தை, அதாவது "எபிக்ரீஸெ"யை, வாசித்துப் பாருங்கள். ஹெல்செநோர்கெ இணையத்தளத்திலும் அதைப் பார்க்க முடியும். "ரொன்சிலெக்தொமி" என்று இருந்தால் முழுவதும் அகற்றப்பட்டது. "ரொன்சிலொதொமி" என்று இருந்தால் ஒரு பகுதி மட்டும். சொல்லில் வித்தியாசம் சிறிது, பொருளில் பெரிது. சத்திரசிகிச்சைக்கு முன்னரே நிபுணரிடம், "முழுதாகவா, பகுதியாகவா? ஏன் அந்த முறை?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. இந்நாட்டில் அது உங்கள் உரிமை.

மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டப்படி, தேவையான இடத்தில் தகுதியான மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வது அரச நிறுவனத்தின் கடமை. மூத்த பிள்ளையைக் கொண்டு இளைய பிள்ளையின் சத்திரசிகிச்சையைப் பற்றிக் கதைக்க வைக்க வேண்டாம். பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதை அச்சட்டம் தடுக்கிறது.

யாருக்கு அகற்ற வேண்டும்?

1934ஆம் ஆண்டு நியூயோர்க்கில் வெளியான ஓர் ஆய்வை மருத்துவ மாணவர்களுக்கு இன்றும் சொல்லிக்கொடுப்பார்கள். 11 வயதுப் பாடசாலைப் பிள்ளைகள் 1000 பேரை எடுத்தார்கள். 611 பேருக்கு ஏற்கெனவே ரொன்சில் அகற்றப்பட்டிருந்தது. மிகுதி 389 பேரைப் பரிசோதித்த வைத்தியர்கள் 174 பேருக்கு அகற்ற வேண்டும் என்றார்கள். தேவையில்லை என்று விடப்பட்ட 215 பேரை வேறு வைத்தியர்களிடம் காட்டியபோது அவர்களில் 99 பேருக்கு வேண்டும் என்றார்கள். எஞ்சிய 116 பேரை மீண்டும் வேறு வைத்தியர்களிடம் காட்டியபோது 51 பேருக்கு வேண்டும் என்றார்கள். ஆயிரம் பேரில் கடைசியில் தப்பியவர்கள் 65 பேர் மட்டுமே! தெளிவான அளவுகோல் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இன்று அளவுகோல் உண்டு. அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் வைத்தியர் பரடைஸ் குழுவினர் 1984இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த கணக்கு பரவலாக அறியப்பட்டது. ஒரு வருடத்தில் 7 தடவை, அல்லது இரண்டு வருடங்கள் தொடர்ந்து வருடத்துக்கு 5 தடவை, அல்லது மூன்று வருடங்கள் தொடர்ந்து வருடத்துக்கு 3 தடவை கடுமையான தொண்டை அழற்சி வந்தால் அகற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். எண்ணிக்கை நாட்டுக்கு நாடு சிறிது வேறுபடும். கருத்து ஒன்றுதான்: வெறும் தடிமனையும் தொண்டைக் கரகரப்பையும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே பிள்ளைக்கு காய்ச்சலோடு தொண்டை நோவும் கழுத்தில் நெறியும் வந்தால் குடும்ப வைத்தியரிடம் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். "போன வருசம் கனதரம் வந்தது" என்பதை விட, பதிவில் இருக்கும் திகதிகளே நிபுணருக்கு உதவும்.

இரண்டாவது காரணம் மூச்சு. பிள்ளை சத்தமாகக் குறட்டை விடுகிறதா, இடையில் மூச்சு நின்று பின் திணறி எழும்புகிறதா, வாயைத் திறந்தபடி தூங்குகிறதா, இரவில் அதிகம் வியர்க்கிறதா என்று அவதானியுங்கள். கைத்தொலைபேசியில் சில நிமிடங்கள் படம்பிடித்துக் கொண்டுவந்தால் எமக்கு அது பெரிய உதவி. "தகப்பனைப் போல நல்லாய்க் குறட்டை விடுறான்" என்று சிரித்துவிட்டு இருக்க வேண்டாம். 5 முதல் 9 வயது வரையான 464 பிள்ளைகளைப் பற்றி 2013இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுவது சத்திரசிகிச்சை செய்தவர்களில் 79 வீதமானோருக்கு ஏழு மாதங்களில் சீராகியது. காத்திருந்தவர்களிலும் 46 வீதமானோருக்குச் சீராகியது. எனவே எல்லோருக்கும் அவசரம் இல்லை. கடுமையாகத் திணறும் பிள்ளைக்கோ, "திரும்ப வளரும்" என்ற பயத்தால் காத்திருப்பதில் நியாயமில்லை.

வளர்ந்தவர்களுக்கு? பிரித்தானியாவில் 453 பேரை வைத்துச் செய்து 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அகற்றியவர்களுக்கு இரண்டு வருடங்களில் 23 நாட்களும் அகற்றாதவர்களுக்கு 30 நாட்களும் தொண்டை நோவு இருந்தது. பலன் உண்டு. ஆனால் தொண்டை நோவு அடியோடு இல்லாமற் போவதில்லை. ரொன்சில் இல்லாதவருக்கும் வைரஸ் வரும், கிருமி வரும். அதை "வளர்ந்துவிட்டது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இருதயத்துக்குப் போய்விடுமா? எதிர்ப்புச் சக்தி குறையுமா?

ஊரில் வாழ்ந்த எங்களுக்கு வாதக் காய்ச்சலைப் பற்றிய பயம் உண்டு. அது நியாயமான பயம். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற கிருமியால் வரும் தொண்டை அழற்சியின் பின் சில பிள்ளைகளின் இருதய வால்வுகள் பழுதாகின்றன. மாதாமாதம் பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்ட உறவினர் ஒருவரை எம்மில் பலர் கண்டிருப்போம். நோர்வேயில் இந்நோய் இன்று மிக மிக அரிது. அதைத் தடுப்பதற்காக இங்கே ரொன்சிலை அகற்றுவதில்லை. தேவையானபோது பெனிசிலினைச் சொன்ன நாட்கள் முழுவதும் எடுத்து முடிப்பதே முக்கியம்.

எதிர்ப்புச் சக்தியைப் பொறுத்தவரை, வளையத்தின் மற்றப் பகுதிகள் வேலையைத் தொடர்கின்றன. டென்மார்க்கில் ஏறத்தாழ 12 இலட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டபோது, சிறுவயதில் அகற்றப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் சுவாச நோய்கள் அதிகம் என்று கண்டார்கள். அகற்றியதுதான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. ஆயினும் தேவையில்லாமல் அகற்றக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு நினைவூட்டல்.

வீட்டுக்கு வந்த பின் கவனிக்க வேண்டியவை

இரத்தப்போக்கு: முதல் நாளிலும், பின்னர் பொருக்கு விழும் 5ஆம் நாளிலிருந்து 10ஆம் நாள் வரையிலும் ஆபத்து அதிகம். பிள்ளை தூக்கத்தில் அடிக்கடி விழுங்கினால் இரத்தத்தை விழுங்குகிறதா என்று பாருங்கள். புதிய சிவப்பு இரத்தம் வந்தால் காத்திராமல் 113ஐ அழையுங்கள்.

நோ மருந்து: வைத்தியசாலை சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுங்கள். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் பரால்ஜின் ஃபோர்த்தெயைக் கொடுக்கவே வேண்டாம். அதில் கோடீன் இருக்கிறது. சிலரின் உடல் கோடீனை மிக வேகமாக மோர்பினாக மாற்றுவதால் மூச்சு நின்ற சம்பவங்கள் உண்டு. இதனால் ஐரோப்பிய மருந்து முகவரகம் 2013இல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுவதற்காக ரொன்சில் அல்லது அடினொயிட் அகற்றிய 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கோடீன் கொடுப்பதைத் தடுத்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த டிஸ்பிரினும் கூடாது. அது இரத்தம் உறைவதைக் குறைக்கும்.

உணவு: "குளிர் குடுத்தால் தடிமன் பிடிக்கும்" என்று அம்மம்மா தடுத்தாலும் ஐஸ்கிரீம் கொடுக்கலாம், அது நோவைக் குறைக்கும். கஞ்சி, குழைந்த சோறு, உறைப்பில்லாத சொதியோடு இடியப்பம் எல்லாம் நல்லவை. நீராகாரம் குறையக் கூடாது.

பயணம்: விடுமுறையில் கொழும்பிலோ சென்னையிலோ செய்வித்துக்கொண்டு சில நாட்களில் விமானம் ஏறுவோரும் உண்டு. இரத்தப்போக்கு ஆபத்துள்ள இரண்டு கிழமைகளும் வைத்தியசாலைக்கு அருகில் இருங்கள். என்ன முறையில் செய்தார்கள் என்ற குறிப்பை ஆங்கிலத்தில் எழுதி வாங்கி வாருங்கள்.

நோர்வேயில் 2017 முதல் ரொன்சில் சத்திரசிகிச்சைகளுக்கென ஒரு தேசியத் தரப் பதிவேடு இயங்குகிறது. சத்திரசிகிச்சையின் பின் உங்களுக்கு வரும் கேள்விக்கொத்தைக் குப்பையில் போடாமல் நிரப்பி அனுப்புங்கள். எத்தனை பேருக்கு இரத்தம் கசிந்தது, எத்தனை பேருக்குக் குறட்டை திரும்பியது என்பதெல்லாம் அதிலிருந்தே தெரியவரும்.

ஒரு பக்கம் மட்டும் தடித்தால்

வளர்ந்தவர்களே, இதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். தொண்டையின் ஒரு பக்கம் மட்டும் பெருத்தால், கழுத்தில் நோவில்லாத கட்டி வந்தால், மூன்று கிழமைக்கு மேல் ஒரு பக்கத் தொண்டை நோவோ காது நோவோ இருந்தால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், "பழைய ரொன்சில்" என்று நீங்களாகவே முடிவு செய்ய வேண்டாம். ரொன்சிலின் மிச்சத்திலும் நாக்கின் அடியிலும் புற்றுநோய் வரலாம். புகைத்தலும் மதுவும் மட்டும் இதற்குக் காரணம் அல்ல. எச்.பி.வி. என்னும் வைரசும் ஒரு காரணம். புகைக்காதவருக்கும் வரும். நேரத்தோடு கண்டுபிடித்தால் சிகிச்சை நல்ல பலன் தரும். இந்த வைரசுக்கு எதிரான தடுப்பூசி இங்கே 7ஆம் வகுப்பில் பெண் பிள்ளைகளுக்கு 2009 முதலும், ஆண் பிள்ளைகளுக்கு 2018 முதலும் இலவசமாகப் போடப்படுகிறது. பாடசாலையிலிருந்து சம்மதக் கடிதம் வரும்போது "பொடியனுக்கு எதுக்கு?" என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

முழுதாக அகற்றிய ரொன்சில் திரும்ப வளரும் என்ற பயத்தால் தேவையான சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தொண்டையில் புதிதாக எதைக் கண்டாலும் அதை ரொன்சில் என்று நாமே பெயரிட்டு விட்டுவிடவும் கூடாது. இன்று இரவு பிள்ளை தூங்கிய பின் ஐந்து நிமிடம் அருகில் இருந்து அதன் மூச்சைக் கவனியுங்கள். ஏதாவது சந்தேகம் இருந்தால் நாளையே குடும்ப வைத்தியரிடம் நேரம் எடுங்கள்.